விரலைத் தூக்கும் மாமி

தீபாவளி கழிந்து பத்துப் பதினைந்து நாளில், தில்லி சர்க்கார் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய தமிழ் மாமாக்கள் திடீரென்று மௌன விரதம் பூண்டுவிடுவார்கள். பக்தி ஒன்றும் இல்லை. வீட்டில் மாமி புத்தகத்தைப் பார்த்து ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருப்பாள்.

இந்த மாமியை நீங்கள் ஆர்.கே. புரத்திலோ சரோஜினி நகரிலோ பார்த்திருக்கலாம். உத்தியோகம் பார்க்கிற மாமி என்றால் அந்தக் காலத்தில் மத்தியான இடைவேளையில் போட் கிளப் புல்வெளியில், வேர்க்கடலைத் தோலுக்கும் சீட்டாட்டக் கோஷ்டிகளுக்கும் நடுவே, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி மாயவரத்திலிருந்து ரயிலேறும்வரை கம்பளி என்றால் போர்வை என்று மட்டும் அறிந்தவள். தில்லியின் முதல் ஜனவரி அவளைப் பின்னல்காரி ஆக்கிவிட்டது.

அவளிடம் பேசப் போனால் முதலில் தெரிவது விரல். வலது கை ஊசியைப் பிடித்தபடியே இருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் தனியே பிரிந்து மேலே எழும்பும். கண் நிமிராது. உதடு மட்டும் அசையும். "முப்பத்தேழு, முப்பத்தெட்டு..." அந்த விரல் இறங்கும்வரை வாசலில் தபால்காரரானாலும் சரி, சம்பந்தியானாலும் சரி, நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். நாலு சீதா, ரெண்டு உல்டா, ஒரு ஜாலி, ரெண்டு சேர்த்து ஒண்ணு என்று ஒரு சலாய், அதாவது ஒரு வரிசை, முழுக்க ஓடும். சீதா நேர்ப்பின்னல், உல்டா தலைகீழ்ப்பின்னல். ஓட்டை விழும் ஜாலி போட்டால் ஒரு கண்ணி கூடும். ரெண்டைச் சேர்த்தால் ஒன்று குறையும். வரவும் செலவும் நேராகிவிடும். ஒரு ஜாலியை மறந்தால் வரிசைக் கடைசியில் 98 இருக்க வேண்டிய இடத்தில் 97 இருக்கும். அப்போது வீட்டில் விழும் மௌனம் வேறு ரகம். பிரித்த நூலைச் சுற்ற மாமாவின் இரண்டு கைகளும் நீட்டியபடி நிற்க வேண்டும்.

எண் என்பது தொற்றுவியாதி என்பது மாமியின் அனுபவ ஞானம். அறைக்குள் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது ஊசிக்குள் புகுந்துவிடும். ஆகவே குக்கர் விசில் எண்ணும் பொறுப்பு கல்யாணமான சில வருஷங்களிலேயே மாமாவுக்கு மாற்றப்பட்டுவிட்டது. "ஏன்னா, பருப்புக்கு எத்தனை ஆச்சு?" என்று மாமி கேட்டால் மாமா வாயைத் திறக்கக் கூடாது, மூன்று விரலைக் காட்ட வேண்டும். இப்போது பாங்கிலிருந்து ஓடிபி வேறு வருகிறது. மாமா அதை வாய்விட்டுப் படித்த அன்று ஸ்வெட்டர் கையின் அகலம் ஆறு இலக்கத்தில் போய் நின்றது. அன்றிலிருந்து அவர் பணம் அனுப்புவது பால்கனியில்தான்.

மே மாதம் ஊருக்குப் போகும்போதும் ஊசி கூட வரும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூரைத் தாண்டியபின், வெளியே அனல் காற்றும் மடியில் கம்பளியுமாக மாமி உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தாலே நமக்கு வேர்த்துவிடும். அடுத்த தீபாவளிக்குள்ளாவது முடிய வேண்டுமே! ஒரு தடவை எதிர் ஸீட்டுக்காரர் பாவம், "பல்லார்ஷா வர இன்னும் எத்தனை நிமிஷம் ஆகும்?" என்று கேட்டார். "நூத்திப் பத்து" என்றாள் மாமி. அவர் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிட்டார். பல்லார்ஷாவில் இறங்க வேண்டியவர்.

இத்தனைக்கும் இடம் தவறாமல் இருக்க மாமியிடம் சாமான்களுக்குக் குறைவில்லை. ஊசியின் கொண்டைப் பக்கம் மாட்டும் பிளாஸ்டிக் கவுண்ட்டர் ஒன்று உண்டு. ஒரு சலாய் முடிந்ததும் ஒரு எண் திருப்ப வேண்டும். திருப்புவாள். இரண்டு நிமிஷம் கழித்து, திருப்பினோமா என்று சந்தேகம் வரும்.

"நான் திருப்பினேனா?"

"எதை?"

"உங்களைக் கேட்டேன் பாருங்கோ."

கவுண்ட்டர் போய், ஸ்டிக்கர் பொட்டு வந்தது. புத்தகத்தில் பின்ன வேண்டிய வரிக்குப் பக்கத்தில் பொட்டை ஒட்டிவிடுவது. வரி முடிந்தால் உரித்து அடுத்த வரியில் ஒட்டுவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருபது முப்பது தடவை உரித்த பொட்டுக்குப் பசை எங்கே இருக்கும்? ஒரு நாள் 45-ஆம் வரிசை மாமாவின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு மதர் டெய்ரி பூத்துக்குப் போய்விட்டது. அவர் பாலோடு திரும்பும்வரை மாமி ஊசியைக் கீழே வைக்கவில்லை. பின்னவும் இல்லை. மகள் பெங்களூரிலிருந்து ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். அதைத் தட்டப் போகும் நேரம் பார்த்து அதே மகளின் போன் வரும்.

மாமா அக்கவுண்ட்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர், படித்தவர். 1859-இல் டிக்கன்ஸ் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி நாவலில் ஒரு அம்மாள், தலை போக வேண்டியவர்களின் பெயர்களையெல்லாம் பின்னலிலேயே பதிந்து வைத்துக்கொண்டிருப்பாள். அதைப் படித்ததிலிருந்து மாமா, மாமியின் ஊசி ஏன் தன் பெயர் வரும்போதெல்லாம் வேகமாகப் போகிறது என்று யோசிக்கிறார்.

மாமியின் குரு எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள். குருவுக்குப் புத்தகமே கிடையாது என்பதுதான் விசேஷம். டிடிசி பஸ்ஸில் முன் ஸீட்டுக்காரியின் முதுகைப் பார்ப்பாள். கரோல் பாகிலிருந்து கன்னாட் பிளேஸ் வருவதற்குள் டிசைன் மனசில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்து மருமகளைத் திட்டிக்கொண்டும், நடுவே பட்டாணி உரித்துக்கொண்டும் பின்னி முடித்துவிடுவாள். எங்கே விட்டோம் என்ற கேள்வியே அவளுக்கு வராது. துணியைத் தூக்கிப் பார்ப்பாள். சீதா போட்ட கண்ணி இங்கிலீஷ் 'வி' எழுத்தாக நிற்கும். உல்டா போட்ட இடத்தில் குறுக்கே சின்ன மேடு. ஜாலி என்றால் ஓட்டை. கடைசி ஓட்டைக்கு மேலே எத்தனை 'வி' இருக்கிறது என்று பார்த்தால் எந்த வரிசையில் இருக்கிறோம் என்று துணியே சொல்லிவிடும். "பெஹன்ஜி, இதைப் பாருங்கள், புத்தகத்தை ஏன் பார்க்கிறீர்கள்?" என்று அவள் பல குளிர்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாமிக்கும் இது தெரியும். துணியைப் படிக்க அவளுக்கும் வரும். ஆனால் நம்மவர்களுக்கு எதற்கும் ஏட்டில் பிரமாணம் வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் அமாவாசையை நம்பாத பரம்பரை, வெறும் நூலை நம்பிவிடுமா? அதோடு, துணி பார்த்தே பின்னிவிடலாம் என்று ஆகிவிட்டால் விரலைத் தூக்கும் அதிகாரம் போய்விடுமே. அதை எந்த மாமி விட்டுக்கொடுப்பாள்?

ஆனால் புத்தகமும் சில இடங்களில் காலை வாரும். முன்பக்கம் திறந்த கார்டிகனுக்கு இடது பாகத்தைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, வலது பாகத்துக்கு ஒரே ஒரு வரி: "இதைப் போலவே, வளைவுகளை எதிர்ப்புறமாக மாற்றிப் பின்னவும்." மாமி புத்தகத்தில் உள்ளபடியே நடப்பவள் ஆனதால் "இதைப் போலவே" வரை நடந்துவிட்டாள். இரண்டு இடது பாகங்கள் வந்தன. பிரிக்க மனசில்லை. இன்னும் இரண்டு வலது பாகம் பின்னி இரண்டு ஸ்வெட்டராக்கிவிடலாம் என்று தீர்மானித்தாள். அதற்குள் பழைய லாட் நூல் கடையில் தீர்ந்துபோயிருந்தது. லூதியானாவிலிருந்து புதிதாக வந்த லாட் அதே பச்சைதான், ஒரு சாயல் வெளுப்பு. சாயத்தொட்டி மாறினால் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால்தான் தேவையான நூலை ஒரே லாட்டில் மொத்தமாக வாங்கிவிடச் சொல்வார்கள். மாமா இப்போது தினமும் இடது பாதி பச்சை, வலது பாதி வெளுத்த பச்சையாகக் காலை நடைக்குப் போகிறார். மாற்றிப் போட இன்னொன்று உண்டு. அதுவும் அதே மாதிரிதான்.

டிசம்பரில் தில்லிக்குப் போய் இப்படி ஒரு வீட்டில் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரிசை முடிந்து ஊசிகள் கை மாறும் அந்த ஒரு நொடியில் வந்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரயில் நேரம், கோச் நம்பர் எல்லாம் மாமாவிடம், வாசலில் வைத்து. மாமி உங்களை எழுப்பி நிறுத்தி முதுகில் டேப்பை வைத்தால், அது யாருக்கு என்று கேட்காதீர்கள், உங்களுக்குத்தான். சென்னையில் இதை எங்கே போடுவது என்றும் சொல்லாதீர்கள். வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.