அண்ணன் 12, தம்பி 13

ஹாக்கியில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் 'அதிக கோல்' பெருமையைத் தவறவிட்டவர் உண்டா? (வாசகர், பாகாலா)

உண்டு, அதுவும் சொந்தத் தம்பியிடம்! 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிராக அண்ணன் தயான்சந்த் 4, தம்பி ரூப் சிங் 3. அமெரிக்காவை 24-1 என்று வெளுத்தபோது தம்பி 10, அண்ணன் 8. கூட்டிப் பாருங்கள். இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து இந்தியாவின் 35 கோலில் மற்ற எல்லோரும் சேர்ந்து அடித்தது வெறும் 10!

எங்கள் ஜங்ஷனில் இரண்டு ரயில் ஒன்றாக வந்தால் ஒன்றை அவுட்டரில் நிறுத்துவார்கள். ஹாக்கியில் இருவர் சமமாக வந்தால்? (அதே வாசகர்)

அங்கேயும் அவுட்டர்தான்! வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில், 1979-80 சீசனில் மார்செல் டியோன், வெய்ன் கிரெட்ஸ்கி இருவருக்கும் 137 புள்ளி. 53 கோல் அடித்த டியோனுக்கு அதிகப் புள்ளிக்கான பட்டம். 51 அடித்த கிரெட்ஸ்கிக்குச் சிவப்பு சிக்னல். ஆனால் அடுத்த 7 சீசனும் பட்டம் கிரெட்ஸ்கிக்கே!