கடல் உண்டு, கலாசாலை உண்டு, காடு?

திருவல்லிக்கேணியில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கென்று ஒரு சுபாவம் உண்டு: சென்னை மாநகரத்தின் ஒரு பகுதியில் தாங்கள் வசிப்பதாக அவர்கள் எக்காலத்திலும் ஒப்புக்கொள்வதில்லை. கடல் இருக்கிறது, மீசை வைத்த பெருமாள் இருக்கிறார், தெப்பக்குளம் இருக்கிறது, 1795-இல் வாலாஜா நவாபின் குடும்பத்தார் கட்டிய பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, 1857-இல் ஸ்தாபிதமான சர்வகலாசாலை இருக்கிறது, 1904 முதல் மளிகை விற்றுவரும் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, இத்தனையும் உடைய ஓர் ஊர் எந்த நியாயத்தைக் கொண்டு இன்னோர் ஊருக்குள் அடங்கவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். மயிலாப்பூருக்குப் புறப்படும்போதே ‘வெளியூர் போய் வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பும் ஒரு பெரியவரை நான் அறிவேன். அவர் யார் என்று என் சகதர்மிணியிடம் கேட்டால் சிறிதும் தயங்காமல் என்னைச் சுட்டிக்காட்டுவாள்.

இந்தப் பூரிப்புக்குப் பங்கம் விளைவித்தவன் என் தமக்கையின் பேரன். அவன் கலிபோர்னியாவின் வடகோடியில், பசிபிக் சமுத்திரத்தை அடுத்த ஆர்க்கேட்டா என்னும் ஊரில் தாவர சாஸ்திரம் படிக்கிறான். (எதிர்வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னபோது, “ஆற்காட்டுக்கா? கோயம்பேட்டிலிருந்து பஸ் இருக்கிறதே” என்றார்.) இருபதினாயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊரில், உபாத்தியாயர்களைப் பயிற்றுவிப்பதற்கென்று 1913-இல் தொடங்கிய ஒரு சிறு பாடசாலை, காலக்கிரமத்தில் ஹம்போல்ட் சர்வகலாசாலையாக வளர்ந்து நிற்கிறது. “சின்னத் தாத்தா, இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காடு, நடுவிலே காலேஜ், இந்த மாதிரி ஊர் உலகத்திலேயே கிடையாது” என்று அவன் டெலிபோனில் சொல்லும்போதெல்லாம், “கடலும் காலேஜும் இங்கேயும்தான் இருக்கின்றன” என்று நான் பதிலிறுப்பது வழக்கம். காட்டைப் பற்றிய பிரஸ்தாபம் வந்தால் மட்டும் சம்பாஷணையை அவனுடைய தேக சௌக்கியத்தின் பக்கம் திருப்பிவிடுவேன்.

ஆனால் அவன் விடுகிற பிள்ளை அல்ல. அந்தப் பிரதேசத்துக் காடுகளில் செம்மரம் என்று நாம் பெயர் சொல்லிவிட முடியாத, ரெட்வுட் என்கிற ஒரு ஜாதி மரம் வளர்கிறதாம். அவற்றுள் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று 380 அடியை ஒட்டி நிற்கிறதாம். உலகத்தில் உயிரோடிருக்கும் மரங்களில் அதைவிட உயரமானது இல்லையாம். நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1959-இல் திறக்கப்பட்டு, வெளியூர்க்காரர்களையெல்லாம் அண்ணாந்து பார்க்கவைத்த மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அப்படிப்பட்ட கட்டடங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் 354 அடிதான் வருகிறது. பாக்கிக்கு மேலே ஒரு மச்சு வீட்டையும் தூக்கிவைக்க வேண்டியிருக்கிறது. “சரி, அந்த மரத்தை நீ பார்த்தாயா?” என்று கேட்டேன். பார்க்கக் கூடாதாம், மனிதர்கள் போய்ப் போய் மிதித்து வேரடி மண் கெட்டுவிட்டதால், அருகே செல்பவர்களுக்கு அபராதமும் சிறைவாசமும் உண்டென்று 2022-இல் அறிவித்துவிட்டார்களாம். பார்க்க முடியாத பொருளைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வது வேதாந்திகளுக்கு மட்டுமே உரியது என்று சொல்லி அன்றைக்கு அவன் வாயை அடைத்தேன்.

இவ்வாறிருக்கையில், அவனுடைய ஆசிரியராகிய தாவர சாஸ்திரப் புரொபஸர் ஒருவர், கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கலாசாலையில் பிரசங்கம் செய்வதற்காகச் சென்னைக்கு விஜயம் செய்தார். ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறடிக்கு மேல் உயரமும், அந்த உயரத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்பதுபோன்ற ஒரு கூனலும், எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடும் பழக்கமும் உள்ள சாது மனிதர்.

அவர் வந்து இறங்கியது போகியன்று. புகைமூட்டத்தினால் விமானம் தாமதித்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்கோ பரமானந்தம். ஆர்க்கேட்டாவில் வருஷத்தில் பாதி நாள் மூடுபனிதானாம். அவர்களுடைய விமான நிலையமே, மூடுபனியில் விமானத்தை இறக்குவது எப்படி என்று பரீட்சை செய்வதற்காக இரண்டாவது உலக யுத்தத்தின்போது கடற்படையினர் உபயோகித்த இடமாம். கோடைகாலத்தில் மழை பெய்யாத அந்தப் பிரதேசத்தில், ரெட்வுட் மரங்கள் மூடுபனியை இலைகளால் பிடித்து உறிஞ்சியும் தாகம் தீர்த்துக்கொள்கின்றன என்று காரில் வரும்போது விஸ்தரித்தார். நமது மூட்டம் பழைய பாயும் டயரும் எரிந்ததன் பயன் என்பதை நான் விளக்கவில்லை. விருந்தினருடைய சந்தோஷத்தைக் கெடுப்பது தர்மமாகாது.

பொங்கல் ஆரவாரமெல்லாம் கழிந்த பிறகு ஒரு மாலை வேளையில் அவரை மெரீனாவுக்கு அழைத்துச் சென்றேன். அவர்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு மனிதரும் ஒரு நாயும் நடந்தால் அதுவே கூட்டமாம்; தண்ணீரோ இறங்கினால் எலும்பு விறைக்கும் குளிர். இங்கே பஜ்ஜிக்கடை, பலூன் சுடுகிற கடை, மாங்காய்ப் பத்தை, குதிரைச் சவாரி, அலையில் பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டு அலறும் பெண்கள், அவர்களைப் படம் பிடிக்கும் புருஷர்கள் ஆகிய இத்தனையையும் அவர் திகைப்போடு பார்த்துவிட்டு, “இன்று என்ன விசேஷம்?” என்று கேட்டார். “செவ்வாய்க்கிழமை” என்றேன்.

ஐஸ் ஹவுஸ் எதிரே வந்ததும் எனக்குப் பேச்சு ஊறிற்று. அமெரிக்காவுக்கும் திருவல்லிக்கேணிக்கும் உள்ள உறவு என் தமக்கை பேரனோடு தொடங்கியது அல்லவே! டியூடர் என்கிற பாஸ்டன் நகரத்து வியாபாரி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் மாரிக்காலத்தில் உறையும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, பூமியைப் பாதி சுற்றிவந்து இந்தக் கரையில் இறக்கிப் பாதுகாப்பதற்காக 1842-இல் எழுப்பிய கிடங்கு இது. உள்ளூரிலேயே யந்திரத்தால் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் உருகிப்போயிற்று. பிற்பாடு பிளிகிரி ஐயங்கார் என்னும் வக்கீல் வாங்கி மாளிகையாக்கினார். 1897-இல் அமெரிக்காவை ஜயித்துத் திரும்பிய விவேகானந்தர் இதே வீட்டில் ஒன்பது தினங்கள் தங்கியிருந்தார். பனிக்கட்டியை அனுப்பிய தேசத்துக்கு நாங்கள் பதிலுக்கு ஒரு சுவாமிகளை அனுப்பினோம் என்று கம்பீரமாக முடித்தேன். புரொபஸர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அந்த மரத்தூள் எந்த மரத்தினுடையது? பைனாகத்தான் இருக்கவேண்டும்” என்றார். தாவர சாஸ்திரிகளிடம் சரித்திரம் பேசினால் இப்படித்தான்.

பிரெசிடென்ஸி கலாசாலையிலும் இதே கதிதான். சர் சி.வி. ராமன் படித்த இடம், சந்திரசேகர் படித்த இடம், மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை தமிழ் போதித்த இடம் என்று நான் வரிசையாக அடுக்கிக்கொண்டு போக, அவர் அவ்வளவுக்கும் மரியாதையாகத் தலையசைத்தார். மணிக்கூண்டுக்கு ஃபைசன் என்று பெயர் என்றேனோ இல்லையோ, மனிதர் நின்றுவிட்டார். இந்தக் கலாசாலையில் தாவர சாஸ்திரம் கற்பித்து, பிரின்ஸிபாலாகவும் இருந்து, நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிச் சித்திரங்களோடு புஸ்தகம் எழுதிய அதே ஃபைசனா என்று கேட்டார். ஆம் என்றதும் தொப்பியைக் கழற்றினார். அறுபது வருஷமாக அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வந்தவனாகிய நான், மணியைத் தவிர வேறெதையும் அதில் பார்த்தவனல்லன்.

மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டார். அவர்களுடைய ஊரில் விடுதிகள் காட்டின் விளிம்பிலேயே இருக்கின்றனவாம். நமது ஊர் மேன்ஷன் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். மூன்று கட்டில்; கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒருவர் பக்கவாட்டில் மட்டுமே நடக்கக்கூடிய சந்து; ஜன்னல் கம்பியிலிருந்து மின்விசிறிக் கொக்கி வரையில் கட்டிய கொடியில் ஈரச் சட்டைகள்; சுவர் முழுவதும் இந்திய வரைபடமும் ஐந்தாண்டுத் திட்டங்களும் சென்ற வருஷத்து வினாத்தாளும். என்ன படிக்கிறீர்கள் என்று புரொபஸர் விசாரித்தார். குரூப் ஒன், குரூப் டூ, குரூப் ஃபோர், சப் இன்ஸ்பெக்டர் என்று கட்டிலுக்கு ஒரு பரீட்சையாகப் பதில் வந்தது. ஓர் இளைஞர் மட்டும் வனக்காப்பாளர் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். புரொபஸருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “எந்தக் காட்டில் அதிகம் பழக்கம்?” என்றார். “பாஸ் பண்ணினால்தான் சார் காட்டைப் பார்க்கணும்” என்றார் இளைஞர். அவர் ராமநாதபுரத்துப் பொட்டல்காட்டுக் கிராமத்துக்காரர்.

திரும்பும் வழியில் பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கிட்டது. ஒரு காலத்தில் ஆந்திர தேசத்திலிருந்து படகு படகாகச் சவுக்கு விறகு வந்து இறங்கிய ஜலமார்க்கம் அது. இப்பொழுது பறக்கும் ரயிலின் தூண்கள் அதில் கால் ஊன்றி நிற்க, தண்ணீர் நிற்பதா போவதா என்று தீர்மானிக்காமல் கிடக்கிறது. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டேன். புரொபஸர் நின்று, ஒரு கொக்கை ரசித்துவிட்டு, ஆர்க்கேட்டா ஜனங்கள் தங்கள் ஊர்ச் சாக்கடை நீரைக் குட்டைகளிலும் கோரைப்புல் சதுப்பிலும் படிப்படியாக விட்டுத் தெளியவைத்து வளைகுடாவில் சேர்க்கிறார்கள் என்றும், வெளியூர்க்காரர்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு அங்கே பறவை பார்க்க வருகிறார்கள் என்றும் தெரிவித்தார். சாக்கடையை க்ஷேத்திரமாக்கிவிட்ட அந்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கு உண்டான பொறாமை, 380 அடி மரத்தைப் பற்றிக்கூட உண்டானதில்லை.

இனிக் காட்டுப் பிரச்னை. கிண்டியில் 1978-இல் தேசியப் பூங்காவென்று அறிவிக்கப்பட்ட ஒரு வனம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அதைக் காட்டி மானத்தை வாங்கிக்கொள்ள நான் துணியவில்லை. உயரத்தில் தோற்றால் விஸ்தாரத்தில் ஜயிப்பது என்று தீர்மானித்து, அடையாற்றில் பிரம்ம ஞான சபையின் தோட்டத்து ஆலமரத்துக்கு அழைத்துச் சென்றேன். நானூற்றைம்பது பிராயம் என்று மதிக்கப்படும் விருக்ஷம். அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் நிகழ்த்திய பிரசங்கங்களை ஆயிரக்கணக்கானவர் அமர்ந்து கேட்டிருக்கிறார்கள். வழிநெடுக இதையெல்லாம் வர்ணித்து, “உங்கள் மரம் ஆகாசத்தை நோக்கிப் போகிறது, எங்கள் மரம் மனிதர்களை நோக்கி இறங்கிவருகிறது” என்று ஒரு வாக்கியத்தையும் முதல் நாளிரவே தயாரித்து வைத்திருந்தேன்.

புரொபஸர் விழுதுகளுக்கிடையே குனிந்து குனிந்து நடுவில் போய் நின்று, “அடிமரம் எங்கே?” என்றார்.

“1989-இல் அடித்த காற்றில் விழுந்துவிட்டது.”

“அப்படியானால் இவை?”

“விழுதுகள். மரம் அப்படியேதான் இருக்கிறது. அடிமரம் மட்டும் இல்லை.”

சொல்லும்போதே இது எவ்வளவு பலவீனமான வாதம் என்பது எனக்கு விளங்கிற்று. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தார். தங்கள் ஊர்க் காடும் இப்படித்தான் என்றார். பழைய ரெட்வுட் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை வெட்டி வீடு கட்டி முடித்துவிட்டார்களாம். 1955-இல் ஆர்க்கேட்டா நகரசபை பொதுச்சொத்தாகப் போற்றி வைத்துக்கொண்ட காடும், வெட்டிய பிறகு மறுபடி தழைத்ததுதானாம். வெட்டுண்ட மரத்தின் வேரிலிருந்தே குருத்துகள் கிளம்பி வட்டமாக நூறு இருநூறு அடி வளர்ந்து நிற்க, நடுவில் தாய்மரம் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்குமாம். “அந்த வட்டத்துக்கு நடுவே நிற்பது போலவே இருக்கிறது” என்று சொல்லி அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தயாரித்துவைத்த என் வாக்கியத்தைச் சொல்லுவதற்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. காவலாளி வந்து எழுப்பும் வரையில் இருவரும் பேசவும் இல்லை.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புவதற்கு முன், எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் அவர் நின்றார். அடிமரத்தின் கழுத்துவரையில் நடைபாதைச் சிமென்ட். ஓரடி மண்கூடத் தெரியவில்லை. அத்தனை உயரமான ரெட்வுட்டின் வேர்கூட ஆழம் பத்தடிக்குமேல் அநேகமாகப் போவதில்லை என்றும், பக்கவாட்டில் வெகுதூரம் ஓடி அண்டை மரங்களின் வேரோடு பின்னிக்கொண்டுதான் அது காற்றைத் தாங்குகிறது என்றும் அவர் சொன்னபோது, 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் எங்கள் தெருவில் சாய்த்துப்போட்ட மரங்கள் என் நினைவுக்கு வந்தன. பிறகு மரத்தில் மனித உயரத்தில் அறைந்திருந்த ஒரு தகரப் பலகையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று வினவினார். நான்கு ஆணிகளால் அறையப்பட்ட பலகை. ஆணியைச் சுற்றிப் பட்டை கறுத்துப் பால்போல் ஏதோ கசிந்து உலர்ந்திருந்தது. வாசித்தேன்: வனக்காப்பாளர் தேர்வுக்குச் சிறந்த பயிற்சி, வெற்றி நிச்சயம். மொழிபெயர்த்துச் சொல்லும்படி அவர் கேட்டார்; வாடகைக்கு அறை என்று சொல்லிவைத்தேன்.

ஆகையால் பயிற்சி நிலையத்து நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மாணவர்கள் ஏராளமாகத் தேறி, எல்லாக் காடுகளையும் காக்கட்டும். அந்த நான்கு ஆணிகளை மட்டும் பிடுங்கிவிட்டுப் பலகையைச் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். கயிற்றின் கிரயத்தை நான் கொடுத்துவிடுகிறேன்.