மாப்ளே, இது நம்ம தொக்கு!

பெங்களூருக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பாக்களை பிளாட்பாரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். விடிவதற்கு முன்னால் மைசூர் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்குவார்கள். தலையில் மங்கி குல்லா, ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மறுகையில் காபித்தூள். இந்தியாவில் விளையும் காபியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்து மலைகளில்தான் விளைகிறது. சிக்கமகளூரில் காய்த்து, கும்பகோணத்தில் வறுபட்டு, என் மாமனாரின் மடியில் உட்கார்ந்து சொந்த மாநிலத்துக்கே திரும்பி வருகிறது. கேட்டால், "இங்க நல்ல தூள் கிடைக்காதே மாப்ளே" என்பார்.

முதல் இரண்டு வாரம் அடக்கமாக இருப்பார்கள். செக்யூரிட்டியின் சொந்த ஊர், எதிர்வீட்டு வாடகை, பார்க்கில் நடக்கும் மற்ற அப்பாக்களின் சர்க்கரை அளவு எல்லாம் தெரிந்து முடிந்தபின், மூன்றாவது ஞாயிறு மகளுக்கு மனசு கேட்காது. "அப்பாவை எங்கேயாவது வெளியே கூட்டிட்டுப் போகணும்ங்க."

எம்.டி.ஆருக்கு அவரே போய் வந்துவிட்டார். ரவா இட்லியைத் தின்றுவிட்டு, ஏதோ முப்பாட்டன் காலத்துப் பலகாரம் மாதிரி மெச்சிக்கொண்டார். இரண்டாம் உலகப்போரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையைப் போட்டு ஒப்பேற்றியதில் பிறந்த பண்டம் அது என்று நான் சொல்லவில்லை. சென்ற முறை செயின்ட் மார்க்ஸ் ரோடு கோஷீஸுக்குப் போனோம். 1940-இல் பேக்கரியாகத் தொடங்கி இன்னும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்றதும் அவருக்குத் திருப்தி. "குடும்பமா நடத்துனா எண்ணெயில ஏமாத்த மாட்டான்." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை என் மனைவி குக் டவுனில் ஒரு கஃபேயைக் கண்டுபிடித்தாள். பழைய பங்களாவின் திண்ணையில் ஏழே மேசை. மகன் அடுப்பில், மருமகள் கேக்கில், கல்லாவில் ஒரு பெரியவர்.

மெனு கார்டை மாமனார் உருதுப் பத்திரிகை போல வலப்பக்கத்திலிருந்து படித்தார். முதலில் விலை, பிறகுதான் பெயர்.

"முந்நூத்தி எண்பதா? கிட்டத்தட்ட ரெண்டு அட்டை முட்டை வாங்கலாமே."

"அப்பா, சும்மா இருங்கப்பா."

ஷக்ஷுகா வந்தது. சின்ன இரும்பு வாணலியில் தக்காளி கொதிக்க, மேலே இரண்டு முட்டை. குனிந்து மோந்தார். முகம் மலர்ந்தது. "மாப்ளே, இது நம்ம தொக்கு! முட்டைய ஒடச்சு ஊத்திருக்கான். அதுவும் வேகல."

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஹம்மஸ், தாளிக்க மறந்த கொண்டைக்கடலைத் துவையல். ரிசோட்டோவுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "பொங்கல் குழைஞ்சுட்டா நான் உங்க அத்தைய வைவேன். இங்க குழைஞ்சதுக்குத்தான் காசே."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுல பெங்களூர் கத்தரிக்காய்க் கூட்டு கேக்கறீங்களே, அதுவே மெக்சிகோவுலேர்ந்து வந்ததுதான்."

"பேருலயே பெங்களூர் இருக்குல்ல? அப்புறம் என்ன மெக்சிகோ?"

வாய் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, கை தன் வேலையைப் பார்த்தது. முரட்டு ரொட்டியை விண்டு, வாணலியின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த தக்காளியை வழித்து எடுத்தது. தொக்கின் ருசி ஓரத்தில்தான் இருக்கிறது என்று எழுபது வருடமாகத் தெரிந்த கை. வாணலியைக் கழுவ வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பில்லைக் கூட்டிப் பார்க்க வேண்டுமென்று கல்லாவுக்குப் போனவர் அரைமணி நேரம் திரும்பவில்லை. கல்லாப் பெரியவர் கோலார் தங்கவயல் தமிழர். 2001-இல் சுரங்கம் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். இந்த ஊரில் அப்பாக்களுக்கு அப்பாக்களைக் கண்டுபிடிக்க கூகுள் மேப் வேண்டியதில்லை.

"பையன் கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு அடுப்புக்கு வந்துட்டான் சார்."

"என் பொண்ணு அடுப்ப விட்டுட்டு கம்ப்யூட்டருக்குப் போய்ட்டா சார்."

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் கூப்பிடவேயில்லை. பத்து மணிக்கே வேட்டி கட்டித் தயாராக நின்றார். பார்க் சிநேகிதர்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். "ஷக்ஷுகான்னு ஒண்ணு இருக்கு, பயப்படாம சாப்பிடுங்க, நம்ம தொக்குதான்" என்று அவர்களை உட்காரவைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து காபித்தூள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கம் போனார். அங்கே அவருக்கென்று ஒரு முக்காலி வந்திருந்தது.

சாப்பிட்டு முடித்து நான் பணம் கட்டப் போனேன். எங்கள் பில் அவர் கையில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை இறக்கி, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். போன வாரம் விலைக்கு முகம் சுளித்த மனிதர். ஏதாவது குறைத்து வாங்கித் தருவார் என்று நான் நினைத்தது தப்புதான்.

"மாப்ளே, ரெண்டு காபி விட்டுப்போச்சு இதுல" என்று, தன் கைப்பட அதைச் சேர்த்து எழுதி என்னிடம் நீட்டினார்.