வேனிற்காலச் சுற்றறிக்கை: மூலமும் உரையும்

தமிழில் இனி ஆராய ஒன்றும் மிச்சமில்லை என்றொரு தவறான எண்ணம் அறிஞரிடையே நிலவுகிறது. கலித்தொகையில் காகம் பற்றியும் காகத்தின் பார்வையில் கலித்தொகை பற்றியும் ஏடுகள் எழுதியாயிற்று என்பது உண்மைதான். ஆயினும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெயில் காலத்தில் லிஃப்ட்டுக்குள் ஒட்டப்படும் சுற்றறிக்கைகளை இதுவரை யாரும் சீண்டவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படியோர் இடைவெளி இருந்ததே யாருக்கும் தெரியாதே என்று கேட்பவர்கள் ஆய்வு முறையியல் அறியாதவர்கள்.

ஆய்வெல்லை: ஒரே ஒரு குடியிருப்பு, அதன் ஐந்து மாடிகள். ஆய்வுக்காலம்: மாவடு வருவது முதல் மாம்பழம் போவது வரை. கருதுகோள்: முடிவு தெரிந்தபின் எழுதப்படும். பல்கலைக்கழக மரபும் அதுவே.

முதலில் திணை துணிதல் வேண்டும். கடலும் கடல் சார்ந்த இடமும் ஆதலின் நெய்தல். இதன் சிறுபொழுது சூரியன் எழும் நேரமா விழும் நேரமா என்பதில் புலவர்கள் மோதிக்கொண்டதுண்டு. இன்றும் எலியட்ஸ் கடற்கரைக்கு மாலையில் வந்து, சூரியன் கடலுக்குள் இறங்கும் படத்துக்காகக் கிழக்கே பார்த்துக் காத்திருக்கும் கல்லூரி மாணவர்கள் உண்டு. அவர்கள் எந்த உரையாசிரியர் கட்சி என்பது விளங்கவில்லை. தெய்வம் வருணன், நடைமுறையில் தண்ணீர் லாரி ஓட்டுநர். உரிப்பொருள் இரங்கல். இதில் மட்டும் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்து உதிர்ந்த ஒருவர், குடியிருப்பின் செயலாளரைப் படிக்கட்டில் மடக்கிப் பேசுவதை ஒருமுறை கேட்டால் போதும். தலைவி இரங்கியதெல்லாம் இரங்கலே அல்ல.

அடுத்து, சங்க வரலாறு. முதற்சங்கம் 4440 ஆண்டுகள் நிலவியது, 549 புலவர்கள் இருந்தனர் என்று இறையனார் களவியல் உரை கணக்குச் சொல்கிறது. நம் குடியிருப்போர் சங்கமும் மூன்று. முதற்சங்கம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கலைந்தது. இடைச்சங்கம் போர்வெல்லில் மூழ்கியது. கார் நிறுத்துமிடத்துக்குக் கோடு போட்ட நாளில் பிறந்த கடைச்சங்கம் இன்றுவரை நிலவுகிறது. முதலிரு சங்கத்துச் சுற்றறிக்கைகள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நுழைவாயிலில் இருந்த இரும்பு அறிவிப்புப் பலகை உப்புக்காற்றில் அரித்து விழுந்ததே காரணம். அதாவது, கடல்கொண்டது. இந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் எழுதக்கூடிய அறிஞர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு மேலே செல்கிறேன்.

கடைச்சங்க நூல்களுள் செய்தி சொல்வன, ஏவுவன என இருவகை. செய்தி சொல்வனவற்றுள் தலையாயது மீன் பற்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் இனப்பெருக்கக் காலம். இதைச் சுற்றறிக்கை, ‘வஞ்சிரம் விலை ஏறும், முன்கூட்டியே திட்டமிடவும்’ என்று சுருங்கச் சொல்லி விளங்க வைக்கிறது. காற்றுச் செய்தி அடுத்தது. மேலைக்காற்று வலுத்தால் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும், அன்று ஊர் வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று முதலில் தொடுவது கரையோரத்தைத்தான் என்பதால், தாம்பரத்து உறவினருக்குப் பகல் ஒரு மணிக்குத் தொலைபேசி செய்து, ‘எங்க பக்கம் ஜிலுஜிலுன்னு காத்து’ என்று சொல்வது இத்திணை மாந்தரின் ஒழுகலாறு. மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியைத் தூர் வாருவது பற்றி 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டக் காலந்தொட்டு ஒரே வாசகம்தான் ஒட்டப்படுகிறது. ஆண்டு மட்டும் மாறும். கோடைக்காலக் குழந்தைகள் முகாம்: மேலாய்வுக்குரியது.

இனி ஏவுவன. இவற்றுள் நமக்குக் கிடைத்த முழுமையான பாடம் ஒன்றே. அதை அப்படியே தருகிறேன்:

‘அன்புடையீர், வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குக் கடற்கரைத் தூய்மைப் பணி. தன்னார்வலர்கள் தவறாமல் வரவும். கையுறை வழங்கப்படும். சிற்றுண்டி உண்டு. இப்படிக்கு, செயலாளர்.’

தானாக ஆர்வம் கொள்பவரைத் தவறாமல் ஆர்வம் கொள்ளச் சொல்லும் இரண்டாம் வாக்கியத்தின் நயம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அறிஞர் உலகத்தைப் பிளந்திருப்பது நான்காம் வாக்கியம்.

‘சிற்றுண்டி உண்டு’ என்பது மூலபாடமா, இடைச்செருகலா?

சுவடிகள் மூன்று. லிஃப்ட் கண்ணாடிக்கு மேல் ஒட்டியது, இனி லி-பாடம். வாட்சப் குழுவில் வந்தது, வா-பாடம். மூன்றாவதை நான் கண்டெடுத்த கதை சொல்லத்தக்கது. உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். நான் வாசல் வேப்பமரத்தடி இஸ்திரி வண்டி வரை நடந்தேன். அங்கே என் சட்டை மடிப்புக்குள் அட்டைக்குப் பதிலாகச் செருகப்பட்டிருந்தது இ-பாடம். வலது மூலை கரியால் சிதைந்துள்ளது. லி-பாடத்தில் மற்ற நான்கும் அச்செழுத்து. ‘சிற்றுண்டி உண்டு’ மட்டும் நீலப் பால்பாயின்ட் பேனா. வா-பாடத்தில் இவ்வரி இல்லை. இ-பாடத்தில் இருக்க வேண்டிய இடத்தில்தான் கரி.

முதல் மாடி உரைகாரர் கருத்து: இது பிற்காலத்தவர் செருகல். செயலாளர் தம் கைக்காசில் யாருக்கும் காபிகூட வாங்கித் தந்ததாகச் சான்றில்லை (காண்க: வாட்சப் குழு, நள்ளிரவு கடந்து அனுப்பி உடனே அழிக்கப்பட்ட செய்தி, அழிப்பதற்குள் எடுத்த திரைப்படிமம், அந்தப் படிமத்தின் மேல் மூன்றாம் மாடி மாமி போட்ட கைகூப்பும் பொம்மை). மூன்றாம் மாடி உரை இதை மறுக்கும்: மையின் நிறம் காவலாளியின் வருகைப் பதிவேட்டு மையோடு ஒத்துப்போகிறது, எனவே செயலாளர் சொல்லக் காவலாளி எழுதியது, எனவே மூலமே (ஒப்பிடுக: பதிவேடு, பக்கம் கிழிந்தது, கிழிந்த துண்டு, பால் கணக்கு எழுதப்பட்ட மறுபக்கம், அதன் ஓரத்தில் இரண்டாம் மாடிக் குழந்தை வரைந்த யானை, தும்பிக்கை மட்டும்). ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் இருவரையும் தள்ளி, நச்சினார்க்கினியர் வழியில் மாட்டு என்னும் உறுப்பைக் கொண்டுவந்தார். முதல் வரியிலுள்ள ‘அன்புடையீர்’ என்பதைப் பெயர்த்து நான்காம் வரியோடு கூட்டி, ‘அன்புடையீர் சிற்றுண்டி உண்டு தவறாமல் வரவும்’ எனக் கொண்டார். அதாவது, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வா. நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டைப் பிரித்துக் கோத்ததைக் கண்டு வருந்தியவர்கள், இங்கே சங்கத்தின் பொருளாளர் அடைந்த மகிழ்ச்சியையும் கருத வேண்டும்.

இவ்வுரை அச்சேறியும் விட்டது. பணம் கட்டினால் பதினைந்தே நாளில் கட்டுரை வெளியிடும் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்று ‘சிற்றுண்டி: ஒரு பார்வை’ என வெளியிட்டது. பேராசிரியர் அதையே தலைப்பு மாற்றி ‘ஒரு மீள்பார்வை’ என வேறோர் இதழுக்கு அனுப்பினார். இரண்டாவதில் முதலாவது மேற்கோள். மூன்றாவது வரும்போது இரண்டுமே மேற்கோள். ஒரு பொங்கல்கூட வேகாமலே மேற்கோள் எண்ணிக்கை இப்படித்தான் பெருகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வந்துவிட்டது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். எவர்சில்வர் தூக்கில், முந்திரி கண்ணுக்குத் தெரியும் வெண்பொங்கல். இதனால் சர்ச்சை தீர்ந்துவிட்டதாகப் பாமரர் நினைக்கலாம். பொருள் இருப்பது பாடம் இருந்ததற்குச் சான்றாகாது என்பது முதல் மாடி உரைகாரரின் கடைசி நிலைப்பாடு. இரண்டாம் முறை பொங்கல் வாங்கிக்கொண்டே சொன்னார்.

பரிமாறலும் ஆய்வுக்குரியதே. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்குக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. சங்கம் அதை மதித்துப் பாக்குமட்டைத் தட்டு வாங்கியது. தண்ணீர், கால் லிட்டர் பெட் பாட்டில். கையுறை, பாலிதீன். கையுறை வந்த உறையும் பாலிதீன். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்ற பேனர், ஃபிளெக்ஸ். எட்டு மணிக்கு மூட்டை கட்டியபோது மேலாக இருந்தவை நாங்களே குடித்த பாட்டில்கள். கீழே ஈர மணலோடு சிப்ஸ் உறை, குட்கா பாக்கெட், சோளக் கதிர் சக்கை, அறுந்து கிடந்த நைலான் வலைத்துண்டு, இடது கால் செருப்பு. வலது கால் செருப்பு எங்கே போகிறது என்பதற்கு இதுவரை ஆய்வு இல்லை.

தன்னார்வலர் வகைகளை நீட்டாமல் சொல்கிறேன். குனிவோர். குனிவோரைப் படமெடுப்போர். வந்ததைத் தெரிவிக்க வந்தோர். பேனரின் இரு முனை பிடிப்போர். இவர்களுக்குக் கை ஒழியாது, ஆதலால் குப்பை எடுக்க இயலாது. நாய்க்கு நடை காட்ட வந்தவர் தவறுதலாகப் படத்தில் விழுந்தால் அவரும் தன்னார்வலரே.

படம் எடுக்குமிடம் எப்போதும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம். வெள்ளை அடித்த வளைவும் பின்னால் கடலுமாக நன்றாகத்தான் விழும். 1930 டிசம்பரில் இந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டவர் அவர். அந்தத் தன்னார்வப் பணிக்கு எந்தச் சங்கமும் சுற்றறிக்கை விட்டதாகத் தெரியவில்லை. சிற்றுண்டியும் இருந்திருக்காது.

கொஞ்சம் வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம். அங்கே ஃபைபர் படகின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரை எங்கள் செயலாளர் முறையாக அழைத்தார்: ‘நீங்களும் வந்து கலந்துக்கலாமேண்ணே.’ அவர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘தினமும் வலையில இதான் சார் வருது. எடுத்துக் கரையிலதான் போடறோம். போட்டோ பிடிக்கத்தான் ஆள் இல்ல’ என்றார். இக்கூற்று கள ஆய்வுத் தரவு ஆதலின் அடிக்குறிப்புக்குக்கூடத் தகுதியற்றது. எந்தக் காற்று எப்போது திரும்பும், எந்த நீரோட்டத்தில் என்ன மீன் என்று அவருக்குத் தெரியும். நெய்தல் திணையில் முனைவர் பட்டம் பெற்று, கருவாட்டு வாசனைக்குப் பேருந்தில் இடம் மாறி உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு அறிவும் இதுவரை ஒரே மேடையில் உட்காரவில்லை.

கடைசியாக ஆமைச் சுற்றறிக்கை. பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு ஜனவரியிலிருந்தே முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் மணலில் நடந்து, நாயும் மனிதரும் எடுக்கும் முன் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரியும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும். எங்கள் செயற்குழுவில் எத்தனை டிகிரி போனாலும் இது நிகழ்வதில்லை.

பொரித்த குஞ்சு இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதைக் கடல் என்று நம்பி நடக்கும். தெருவிளக்கும் பால்கனி விளக்கும் எரிந்தால் ஊருக்குள் வரும். நாயும் காகமும் டயரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ‘கடல் பார்த்த விளக்குகளை இரவு அணைக்கவும்’ என்று சுற்றறிக்கை வந்தபோது, ஐந்தாம் மாடிப் பேராசிரியர் ‘இரவு’ என்பதன் எல்லை வரையறுக்கப்படவில்லை என்று ஏழு பக்க மறுப்பு எழுதினார். விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினார்.

2025 ஜனவரியில் மட்டும் இந்தக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுமுட்டியவை என்றார்கள். அதற்கெல்லாம் குடியிருப்போர் சங்கம் ஒன்றும் செய்துவிட முடியாது. கரை ஏறித் தப்பியதன் குஞ்சுக்குச் செய்யக்கூடியது சுவரில் ஒரே ஒரு சுவிட்ச். பேராசிரியர் ஐயா, வரும் ஜனவரிக்குள் மூன்றாவது கட்டுரையை முடித்துவிட்டு அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். வேண்டுமானால் அதற்கும் மேற்கோள் தருகிறோம்.