புரோ, மேக்ஸ், முப்பது கவுண்ட்

கணினி நிறுவனம் ஒன்று தன் சரக்கை வீட்டுக்கானது, தொழிலுக்கானது எனப் பிரித்து அடுக்குவதை வணிகத் துறையினர் ‘தயாரிப்பு வரிசை’ என்பர். இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அதே வேலை விடியுமுன் நடந்து முடிந்துவிடுவதால், அதற்குப் பெயர் வைக்க அங்கே யாருக்கும் நேரம் வாய்த்ததில்லை.

1997இல் ஆப்பிளுக்குத் திரும்பிய ஸ்டீவ் ஜாப்ஸ், தலைகால் புரியாமல் கிடந்த அதன் பட்டியலை நான்கே கட்டங்களில் அடக்கினார். வீட்டுக்கு ஐமேக், ஐபுக், தொழிலுக்குப் பவர் மேக், பவர்புக் என்ற அந்த ஏற்பாடு தாயம் ஆடத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆனால் தொழில்முறையாளர் என்பதன் வாலறுந்த ஆங்கில வடிவமான ‘புரோ’ 2019இல் காதில் செருகும் ஏர்பாட்ஸ் மீதும் ஏறிக்கொண்டது. பாட்டுக் கேட்பதையே பிழைப்பாகக் கொண்டோர் தொகை ஆய்வுக்குரியது.

ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் டெல், 2025 ஜனவரியில் இன்ஸ்பிரான், லேட்டிட்யூட், பிரிசிஷன் முதலிய பெயர்களுக்கு விடைகொடுத்து, டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என மூன்று குடும்பங்களையும், ஒவ்வொன்றிலும் அடிப்படை, பிளஸ், பிரீமியம் என மூன்று படிகளையும் அறிவித்தது. வீட்டுப் பிரீமியம் அலுவலக அடிப்படைக்கு மேலா கீழா என்று கணக்கிடுவது, சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவுக்கு முறை கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறைந்த வேலையன்று. 1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட்டோ, படைவீரரையும் புது மாப்பிள்ளையையும் ஒரே பெயரிலேயே சுமந்தது.

காசிமேட்டில் இறாலுக்குக் ‘கவுண்ட்’ பார்ப்பார்கள். கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பதே கவுண்ட், ஆகவே முப்பது கவுண்ட் என்றால் பெரிய இறால், நூறு என்றால் பொடி. எண் குறையக் குறைய விலை ஏறும் இந்த முறையில் ஏற்றுமதிக்காரருக்கும் இல்லத்தரசிக்கும் ஒரே அளவுகோல்தான். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்யத் தோதான சுறாவுக்குப் ‘பால் சுறா’ என்று பெயர். யார் சாப்பிட வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அதைச் ‘சுறா புரோ’ என்று கூவி விற்க முயல்பவர் கூடையோடு வீடு திரும்புவார்.

எனவே மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் மூடியின் மேலுள்ள பெயரை விட்டுவிட்டு, நினைவகம் எத்தனை ஜிபி, செயலி எந்த ஆண்டுடையது என்று முதலில் கேட்கவும். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை.