குனியாமல் தோண்டுவது எப்படி?

மெட்டல் டிடெக்டர் மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது என்று சொல்லும், எடுத்துக் கொடுக்காது. இந்த இரண்டாவது பாதியை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. பெட்டியின் மேலே ஒரு வெள்ளைக்காரர் பச்சைப் புல்வெளியில் நிமிர்ந்து நிற்கிறார். கையில் கருவி, காதில் ஹெட்போன், முகத்தில் சிரிப்பு. அடுத்த நிமிஷம் அவர் குனிந்தாக வேண்டும். அந்தப் படத்தை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் கணக்குப்பிள்ளையாகப் பாதி ஆயுளைக் கழித்தவன். முதுகெலும்பில் எல்4, எல்5 என்று இரண்டு எலும்புகள் உண்டு, நடுவே ஒரு ஜவ்வு உண்டு, அது பிதுங்கினால் நரம்பை அமுக்கும் என்பதெல்லாம் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய அன்றுதான் தெரிந்தது. குனியக் கூடாது, குனிந்தபடி திரும்பக் கூடாது, குனிந்து திரும்பி எதையும் தூக்கவே கூடாது என்றார். இந்த மூன்றையும் வரிசையாகச் செய்தால் அதற்கு மம்முட்டி வேலை என்று பெயர்.

டாக்டர் பயமுறுத்தவில்லை. ஸ்வீடன் நாட்டில் ஆல்ஃப் நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960-களில் மனிதர்களின் முதுகு ஜவ்வுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தம் அளந்து பார்த்திருக்கிறார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முன்பக்கம் குனிந்தால் 150. குனிந்து கையில் பாரத்தையும் எடுத்தால் 220. மல்லாந்து படுத்தால் வெறும் 25. அதற்குப் பிறகு நான் படுத்தே கிடந்ததற்கு அறிவியல் ஆதாரம் இருந்தது. வீட்டில் யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

எழுப்பி விட்டது ஒரு மோதிரம். மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரியின் நெளி மோதிரம் தோட்டத்தில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. "ஏனுங்க, எங்கம்மா போட்ட மோதரமுங்க" என்றார். தங்கம் போனால் விலையைச் சொல்லி வருத்தப்படலாம். மாமியார் போட்ட தங்கம் போனால் கணக்கே வேறு. பெங்களூரில் இருக்கும் மகள் வயிற்றுப் பேரன், "அப்பிச்சி, இத வெச்சுத் தேடுங்க" என்று ஒரு டிடெக்டரை அனுப்பி வைத்தான். தோண்டுவதற்கு எதையும் அனுப்பவில்லை. அது நம் ஊரிலேயே கிடைக்கும் என்று நினைத்திருப்பான்.

கருவியின் வேலை எளிது. வட்டச் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதில் சின்ன மின்னோட்டம் கிளம்பிப் பதில் புலம் வருகிறது. காதில் ஓசை கேட்கிறது. ஆனால் எங்கள் தோட்டம் செவக்காடு. அந்தச் சிவப்பே இரும்புத் துருதான். கிரவுண்ட் பேலன்ஸ் என்ற திருகைச் சரி செய்யும்வரை கருவி பூமியையே புதையல் என்று கத்தியது. சரி செய்த பிறகும் ஒரு சிக்கல். மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் பெட்டிச் சரிகைத்தாளும் அதன் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரும்பை ஒதுக்கு என்று கட்டளையிடலாம்; அப்படிச் செய்தால் இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களையும் சேர்த்து ஒதுக்கிவிடும், அவை காந்தம் இழுக்கும் எவர்சில்வர். ஆகவே மோதிரம் வேண்டுமானால், இரும்பல்லாத ஒவ்வோர் ஓசைக்கும் தோண்டியாக வேண்டும். ஒவ்வொரு தோண்டலும் ஒரு 150.

என்னென்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். அலுமினிய ஐந்து பைசா, பத்து பைசா. பூச்சி மருந்து டப்பா மூடி. மோட்டார் ஒயர்த் துண்டு. இரும்பை ஒதுக்கச் சொல்லியும் ஏமாற்றி வந்த மாட்டு லாடம், வண்டிப் பட்டையின் துண்டு. அப்புறம் குவாட்டர் பாட்டில் மூடிகள், அதுவும் வாழை வரப்பு ஓரமாக மட்டும். வீட்டுக்காரி அதைப் பற்றி ஒரு தனி விசாரணை நடத்தினார். அதன் முடிவுகளை இங்கே எழுதுவதாக இல்லை.

ஆயுதங்களுக்கு வருகிறேன். முதலில் மம்முட்டி. நம் ஊர் மம்முட்டிக்குக் காம்பு குட்டை. அதைச் செய்தவர் மனிதனை முதலில் இரண்டாக மடித்துக்கொண்டு அப்புறம்தான் காம்புக்கு அளவு எடுத்திருக்க வேண்டும். வாய்க்கால் மடை திருப்ப, வரப்புக் கட்ட, மஞ்சளுக்கு மண் அணைக்க அதைப் போல ஒன்று கிடையாது. மோதிரம் தேட ஆகாது. ஓங்கிப் போட்டால் கிடைக்க வேண்டிய மோதிரம் இரண்டு மோதிரமாகக் கிடைக்கும்.

பட்டறைக்குப் போனேன். "காம்பை நீட்டிப் போடுங்க ஆசாரி, நெஞ்சு மட்டத்துக்கு வரோணும்" என்றேன். அவர் என்னையும் என் இடுப்புப் பெல்ட்டையும் பார்த்தார்.

"போடலாமுங்க. ஆனா மண்ணைக் கொத்தாதுங்க. தடவிக் குடுக்கும்."

அவர் சொன்னது சரி. மம்முட்டித் தகடு காம்போடு சாய்ந்து நிற்பது, குனிந்து நிற்கிறவன் தன் பக்கம் இழுப்பதற்காக. காம்பை நீட்டி நிமிர்ந்து நின்றால் தகடு தரைக்குப் படுத்துவிடும். வெட்டுவாய் மண்ணில் இறங்காது. காம்பை நீட்டுவதென்றால் காம்பு நுழையும் கண்ணின் சாய்வையும் மாற்ற வேண்டும்; அதற்கு மம்முட்டியையே புதிதாக அடிக்க வேண்டும். இருக்கிற மம்முட்டியில் நீளக் குழாயைச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு முதுகு வலியும் இல்லை, தோட்டமும் இல்லை.

அடுத்தது கடப்பாரை. பார்வைக்கு இடுப்பு வலிக்காரனுக்கென்றே பிறந்தது. ஐந்தடி உயரம், நேராக நின்று நேராகக் குத்தலாம். ஆனால் ஐந்தாறு கிலோ எடை. பத்து தடவை தூக்கிப் போட்டால் ஐம்பது, அறுபது கிலோ மஞ்சளைத் தூக்கிய கணக்கு. அதோடு அது மண்ணைக் கிளறுமே தவிர வெளியே எடுக்காது. எடுக்க மறுபடி குனிய வேண்டும். களைக்கொத்து நல்ல ஆயுதம், இலேசானது, நுணுக்கமானது. களை எடுக்க வரும் பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பாத்தியை முடித்து எழுந்து போய்விடுவார்கள். நானும் உட்கார்ந்துவிடுவேன். எழுப்ப ஆள் வைக்க வேண்டும்.

மேல்நாட்டு ஆட்கள் வைத்திருப்பது வேறு. நெட்டையான காம்பு, மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே குறுகின தகடு, தகட்டின் தோளில் காலை வைத்து அமுக்க ஒரு விளிம்பு. கை இழுப்பதில்லை, கால் மிதிக்கிறது. உடம்பின் எடையே வேலை செய்கிறது. முதுகு நேராக நிற்கிறது. வட்டமாக மிதித்துக் காம்பைச் சாய்த்தால் ஒரு மண் கட்டி வேரோடு பெயர்ந்து வரும். தேடி முடித்து அதைத் திரும்ப அதே குழியில் வைத்து மிதித்துவிடலாம். வெறுங்காலோடு காட்டு வேலை பார்த்த நம் ஆட்களிடம் மிதிக்கிற ஆயுதம் வேரூன்றாததில் ஆச்சரியம் இல்லை.

ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு சாண் அகலத்துக்கும் குறைவாகத் தகடு அடித்து, பைப் வைத்து, மிதிக்க விளிம்பு பற்றவைத்துக் கொடுத்தார். நம் தெருவில் அதற்கு மிதி மம்முட்டி என்று பெயராகிவிட்டது. பெயர்த்த கட்டிக்குள் பொருளைக் கண்டுபிடிக்கப் பின்பாய்ண்டர் என்ற கையடக்கக் கருவி. துருப்பிடித்த ஆணிக்கெல்லாம் குனியாமல் இருக்கக் கைத்தடி முனையில் காயலான் கடையில் வாங்கிய ஸ்பீக்கர் காந்தம். மற்றதை எடுக்கத் தூய்மைப் பணியாளர்கள் குப்பை பொறுக்கும் நீள இடுக்கி. இவ்வளவையும் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனபோது, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு தொல்லை பாக்கி. பின்பாய்ண்டர் என் பக்கம் வரும்போதெல்லாம் கத்தியது. மண்ணில் ஒன்றும் இல்லை. டாக்டர் கொடுத்த இடுப்புப் பெல்ட்டுக்குள் முதுகுக்கு முட்டுக்கொடுக்க இரும்புப் பட்டைகள் இருந்தன. இது பழைய கதை. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே என்று பார்க்கத் தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஓர் உலோகம் காணும் கருவியைச் செய்துகொண்டு போனார். ஜனாதிபதியின் மெத்தைக்குள் இரும்புச் சுருள் கம்பிகள், கருவி குழம்பிவிட்டது. அவருடைய டாக்டர் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும்தான் தேட விட்டார். குண்டு மறுபக்கம் இருந்தது. அந்தச் செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தால் மெத்தைக் குழப்பமாவது இருந்திருக்காது.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாமா வேலி ஓரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, பானை ஏதாச்சும் தட்டுப்பட்டுதுங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. கொங்கு மண் அப்படி. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கல் பட்டறைகளும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் வந்தன. அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்கிறவர்கள் குழிக்குள் உட்கார்ந்து சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் அங்குலம் அங்குலமாகச் சுரண்டுகிறார்கள். அவர்கள் முதுகை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. ஆனால் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அங்கே சாட்சி. மிதி மம்முட்டியோடு அந்தப் பக்கம் போகிறவன் சரித்திரத்தைத் திருடுகிறவன். இதில் எனக்கு வேடிக்கை ஒன்றும் இல்லை.

சொந்தத் தோட்டத்திலும் சட்டம் உண்டு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை. உரிமை கோர ஆளில்லாமல், வேறு ஒப்பந்தமும் இல்லாமல் போனால் கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. கருவி பேரனுடையது, காடு என்னுடையது, நான் முடியாமல் போய் ஆளை விட்டுத் தோண்டினால் கண்டெடுத்தவன் யார்? மண்டியில்கூட நான் இப்படி ஒரு கணக்கு எழுதியதில்லை. மாமாவிடம் பானை இல்லை என்று சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சந்தேகம் உறுதியானது.

நிஜமாகவே புதையல் கிடைத்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் 1992-இல் ஒரு விவசாயியின் சுத்தியல் தொலைந்தது. நண்பர் எரிக் லாஸ் டிடெக்டரோடு தேட வந்தார். கிடைத்தது சுமார் 15 ஆயிரம் ரோமானியக் காசுகளும் தங்க நகைகளும். அவர் செய்த நல்ல காரியம், கொஞ்சம் தோண்டியதும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னது. தொல்லியல் ஆட்கள் வந்து முறையாக எடுத்தார்கள். அவருக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பாதியில் தோண்டுவதை நிறுத்தியதற்கு இவ்வளவு பணம் என்றால், என் இடுப்புக்கு ஏற்ற தொழில் அதுதான்.

மோதிரம் மஞ்சளைக் குவித்து வைத்திருந்த களத்து ஓரத்தில், நாலு விரல் ஆழத்தில் கிடைத்தது. வீட்டுக்காரி வாங்கிப் பார்த்துவிட்டு எடை குறைந்திருப்பதாகச் சொல்கிறார்.

என்னைப் போன்ற முதுகுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த செவக்காட்டில் எந்த ஆயுதமும் இறங்காது. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சுங்கள். மறுநாள் மண் பதமாக இருக்கும்போது மிதித்தால் போதும். வாய்க்கால் முறைத் தண்ணீருக்குக் காத்திருந்தாலும் நஷ்டமில்லை, தங்கம் துருப்பிடிக்காது. ஆயுதம் செய்யச் சொல்லும்போது காம்பு நெஞ்சு உயரம் இருக்கட்டும், எடை இரண்டு மூன்று கிலோவுக்குள் அடங்கட்டும். மிதிப்பதற்கு ரப்பர் செருப்பு ஆகாது, தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். முனையில் இரும்புத் தகடு வைத்த ஷூவை மட்டும் வாங்காதீர்கள். அடிக்கு ஒரு தரம் கருவி கத்தும், நீங்களும் உங்கள் காலடியிலேயே தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.