மூன்று குழாய்க்காரர்

சிங்கப்பூரில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் மீன் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அவர் முதலில் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறப்பார். நீங்கள் மண்டியிட வேண்டும். அவர் டார்ச் அடிப்பார். உள்ளே 'சம்ப்' என்ற இரண்டாவது தொட்டி, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், வெள்ளை பிவிசி குழாய்கள். மேலே பவளத்தின் நடுவே கோமாளி மீன் ஒன்று பார்க்க ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுக்குமாடி வாசியான இவருக்கு இரண்டே பயம். ஒன்று, மேல்தொட்டியிலிருந்து சம்புக்கு இறங்கும் தண்ணீரின் கடகட சத்தம். இன்னொன்று, கீழ்வீட்டம்மா. எச்டிபி எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் கூரை ஒழுகினால் மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்துதான் காரணம் கண்டு சரிசெய்ய வேண்டும். அந்த அம்மாவோடு சேர்ந்து மின்தூக்கியில் போகவே இவர் அஞ்சுகிறவர்.

தம் இல்லற வரலாற்றையே தண்ணீர் இறங்கும் குழாய் அமைப்புகளின் பெயரால்தான் பிரித்திருக்கிறார். ஒற்றைக் குழாய் இருந்தது டர்சோ காலம். மூத்த மகள் அப்போது பிறந்தவள். இரண்டு குழாய் ஹெர்பி காலம். இப்போது நடப்பது பீன் அனிமல் காலம், மூன்று குழாய்.

"தண்ணியோட காத்து கலந்தாத்தான் தம்பி சத்தம். முதல் குழாயில காத்தே கிடையாது, நிறைஞ்சு இறங்குது. வால்வைக் கொஞ்சம் இறுக்கி வச்சிருக்கேன். மிச்சம் மீதி ரெண்டாவது குழாயில சுவரோட வழிஞ்சு போயிடும். ஒரு நத்தை போய் முதல் குழாயை அடைச்சா, மட்டம் ஏறி ரெண்டாவதோட காத்துக்குழல் முழுகிடும். உடனே அதுவும் முழு வேகத்துல இழுக்கும்."

"மூணாவது என்ன செய்யுது?" என்றார் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து.

"ஒண்ணும் செய்யாது. உசரத்துல சும்மா காஞ்சு நிக்கும். ரெண்டும் கைவிட்டாத்தான் அது."

"அப்ப உங்க தம்பின்னு சொல்லுங்க."

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஊரே கேம்பல் லேனில் பூவும் பலகாரமும் வாங்க நெருக்கியடிக்கும்போது, இவர் எதிர்த்திசையில் ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைக்கு நடப்பார். பால் வால்வு கூடாதாம். கால் திருகில் எல்லாம் மாறிவிடும். நூலிழை கணக்கில் திருக கேட் வால்வுதான் வேண்டும். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு முடிந்து கை கழுவினால், அந்தக் கைகழுவும் தொட்டியின் குழாயில் காது வைத்து, "காத்து இழுக்குது" என்று முகம் சுளிப்பார். நமக்கு ஏப்பம் பாதியில் நின்றுவிடும்.

விருந்தினர் வந்தால் ஒரு செயல்முறை விளக்கம் உண்டு. தொடர்நாடகம் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரின் சுவிட்சை அணைப்பார். மேலிருந்து வடியும் தண்ணீர் முழுவதும் சம்புக்குள் அடங்குகிறதா என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அடங்கும். கைதட்டல் எதிர்பார்ப்பார்.

இப்போது குழாய் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. அதனால், தண்ணீரை 26 பாகையில் வைக்கும் சில்லரின் உறுமல் கேட்க ஆரம்பித்திருக்கிறது. அதற்கும் வழி தேடுகிறார். அதுவும் அடங்கினால் வீட்டில் மிஞ்சுவது அவருடைய குறட்டைதான். அதற்கு எந்த வால்வு சரிப்படும் என்று மனைவி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.